நாலு பக்கமும் 66 அடி; நிலம் மட்டும் குறைவு!

தர்மபுரி மாவட்டத்தில் உள்ளது பாப்பாரப்பட்டி. தியாகி சுப்பிரமணிய சிவா 1925-ம் ஆண்டு உயிர் நீத்த ஊர்.

இந்தச் சீமையில் நில அளவைக்குப் பழைய சரித்திரம் உண்டு. 1792-ம் ஆண்டு திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் ஆங்கிலக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதிகாரி ரீடும், அவருக்கு உதவியாக வந்து தர்மபுரியில் தங்கிய தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து வரி விதித்தனர். ரயத்துவாரி முறை அப்படிப் பிறந்ததுதான்.

10 சென்ட் சதுரம்

நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. நாலு பக்கமும் ஒரு சங்கிலி உள்ள சதுரத்தின் பரப்பு, 66ஐ 66ஆல் பெருக்கினால் 4,356 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆகவே, இது சரியாக 10 சென்ட்!

20 சென்ட் வேண்டும். பக்கத்தை இரண்டு மடங்கு ஆக்கலாமா? கூடாது! 132 அடிச் சதுரம் 40 சென்ட் ஆகிவிடும்.

வழி என்ன? 10 சென்ட் சதுரத்தில் மூலைக்கு மூலை கயிறு பிடியுங்கள். சதுரம் இரண்டு முக்கோணம் ஆகும். அந்தக் கயிற்றின் நீளத்தையே பக்கமாக வைத்து வேறு சதுரம் போட்டால், அதில் அதே போன்ற நாலு முக்கோணங்கள் அடங்கும். பரப்பு இரண்டு மடங்கு, 20 சென்ட். கயிற்றின் நீளம் ஏறக்குறைய 93 அடி 4 அங்குலம்.

ஏமாறக்கூடாது

ஒருவர் மனை வாங்குகிறார். நாலு பக்கமும் 66 அடி இருக்கிறது. 10 சென்டுக்குப் பணம் கொடுத்துவிடலாமா?

அவசரம் வேண்டாம்! மனை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பரப்பு குறையும். மூலைக்கு மூலை ஒரு குறுக்களவு 66 அடிதான் என்றால், நிலம் சுமார் 8.66 சென்ட்தான். ஏறத்தாழ 584 சதுர அடி நஷ்டம்! ஒரு சிறு வீடே கட்டிவிடக்கூடிய இடம் அது.

இப்போது பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு. 10 சென்ட் என்பது சுமார் 4.05 ஏர். கணக்கு மாறினாலும் சோதனை ஒன்றுதான்: இரண்டு குறுக்களவும் சமமாக, 93 அடி 4 அங்குலம் இருக்கவேண்டும். பத்திரம் எழுதும் முன்பே டேப் பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது.