பெயரடையை அடையாளம் காண்பது எப்படி?

'பண்பைக் குறிக்கும் சொல் பெயரடை' என்று சொல்லித் தருகிறோம். ஆங்கிலப் பாடத்தில் 'அட்ஜெக்டிவ்' நடத்தும்போதும் ஏறக்குறைய இதே விளக்கம்தான். இதை நம்பி ஒரு மாணவர் 'அழகு' என்ற சொல்லின் கீழே கோடிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அழகு ஒரு பண்புதானே! ஆனால் அழகை, அழகுக்கு என்று வேற்றுமை உருபை ஏற்பதால் அது பெயர்ச்சொல். ஆகவே பொருளோடு நின்றுவிடாமல், தொடரில் அச்சொல் செய்யும் வேலையையும் பார்க்கப் பழக்க வேண்டும்.

தொல்காப்பியமும் நன்னூலும் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கின்றன. அவற்றில் பெயரடை தனி வகையாக இல்லை. நல்ல, பெரிய போன்ற சொற்கள் மரபிலக்கணத்தில் குறிப்புப் பெயரெச்சம் எனப்படும். பெயரடை, வினையடை என்பவை தற்கால இலக்கணத்தில் வழங்கும் பெயர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மாணவர்களின் குழப்பம் பாதி தீரும்.

நெமிலியில் கற்பிக்கும் நான் இப்பாடத்துக்குத் தோலையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல், காலணித் தொழில் எங்கள் மாணவர்கள் கேட்டுப் பழகிய ஒன்று. கரும்பலகையில் ஐந்து தொடர்களை எழுதுகிறேன்:

1. பெரிய தோல்
2. மென்மையான தோல்
3. உலர்ந்த தோல்
4. தோல் செருப்பு
5. அழகாகத் தைத்தார்

பிறகு மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி: அடுத்து வருவது பெயரா, வினையா? 'அழகாக' என்பது 'தைத்தார்' என்ற வினையை விளக்குகிறது, எனவே வினையடை. மற்ற நான்கும் பெயருக்கு முன் நிற்கின்றன.

இரண்டாம் கேள்வி: காலம் மாறுமா? உலர்ந்த தோல், உலர்கிற தோல், உலரும் தோல் என மூன்று காலமும் வருவதால் 'உலர்ந்த' என்பது தெரிநிலைப் பெயரெச்சம். 'பெரிய' அப்படி மாறாது. 'மென்மையான' என்பதை 'மென்மையாகிற' என்று மாற்றினால் பொருளே வேறாகிவிடும்.

மூன்றாம் கேள்வி: முன்னால் 'மிக' சேருமா? மிகப் பெரிய தோல், மிக மென்மையான தோல் என்கிறோம். 'மிகத் தோல் செருப்பு' என்று யாரும் சொல்வதில்லை. அங்கே 'தோல்' பெயர்ச்சொல்லாகவே நின்று, செருப்பு எதனால் ஆனது என்று காட்டுகிறது.

எஞ்சுபவை பெரிய, மென்மையான. இவையே பெயரடைகள். நல்ல பையன், நல்ல பெண், நல்ல பிள்ளைகள் எனப் பாலும் எண்ணும் மாறினாலும் பெயரடை மாறாது. இந்தியில் 'அச்சா லடுகா', 'அச்சீ லடுகீ' என்று மாறுவதோடு இதை ஒப்பிட்டுக் காட்டலாம். தொடரின் முடிவில் வரும்போதுதான் நம் சொல் பால் காட்டுகிறது: பையன் நல்லவன், பெண் நல்லவள். ஆங்கிலத்தைப் பின்பற்றி 'இந்தத் தோல் மென்மையான' என்று முடிக்க முடியாது. 'மென்மையானது' அல்லது 'மென்மையாக இருக்கிறது' என்றே முடிக்க வேண்டும்.

இந்த வேறுபாடு தெரிந்தால் ஒற்றுப்பிழையும் குறையும். 'மென்மையானத் தோல்', 'பெரியக் கடை' என்று எழுதுவதை விடைத்தாளிலும் பெயர்ப்பலகையிலும் காண்கிறோம். நல்ல, பெரிய, மென்மையான, உலர்ந்த போன்றவற்றின் பின் வல்லினம் மிகாது. 'அழகாகத் தைத்தார்' என்பதில் மிகும். பதனிடாத தோலைக் குறிக்கும் 'பச்சைத் தோல்' பண்புத்தொகை, அங்கும் மிகும்.

தொடக்க வகுப்புகளில் இந்தக் கலைச்சொற்கள் தேவையில்லை. ஒரு பொருளைக் கையில் கொடுத்து, 'இது எப்படிப்பட்டது?', 'இதை எப்படிச் செய்தார்கள்?' என்று கேட்டாலே போதும். முதல் கேள்விக்கான விடையைப் பொருளின் பெயருக்கு முன் சேர்த்துச் சொல்லச் செய்தால் பெயரடை வரும். இரண்டாவதற்கு வினையடை வரும். பெயர்களை மேல் வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்.