உஷார்! தீபாவளிக்குக் கடை அடைக்கும் முன் போனைப் பாருங்கள்

கடையிலோ கிளினிக்கிலோ ஆபீசிலோ இணையத்தில் ஓடும் போன் வைத்திருக்கிறீர்களா? கிளவுட் போன், ஹோஸ்டட் பிபிஎக்ஸ் என்று ஏதோ ஒரு பெயர் சொல்லி மாட்டிக் கொடுத்திருப்பார்கள். கையில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் வைத்துவிட்டு இதைப் படியுங்கள். விற்க வந்தவர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்.

கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு ஏஜென்சி நடத்துகிறார் ஒருவர். பெயர் வேண்டாம், ஏற்கெனவே நொந்து போயிருக்கிறார். ஐந்தாறு பேர் வேலை செய்யும் சின்ன ஆபீஸ். பழைய லைனை எடுத்துவிட்டு, அதே 03 எண்ணைக் கிளவுட் போனுக்கு மாற்றினார். மேசைக்கு ஒரு போன், எல்லோர் கைப்பேசியிலும் ஒரு ஆப். மாதச் செலவும் குறைந்தது. தீபாவளிக்கு ஆபீசைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போனார்.

அடுத்த மாதம் பில் வந்தது. ஆளே இல்லாத ஆபீசிலிருந்து, நடுராத்திரியில், வரிசை வரிசையாக வெளிநாட்டு அழைப்புகள்! ஒரு பெட்டி சரக்குகூட அவர் அனுப்பியிராத நாடுகள். தொகை ஐந்து இலக்கத்தில். பதறிப்போய்ச் சேவை கொடுத்தவரை அழைத்தார். "உங்க எக்ஸ்டென்ஷன்ல இருந்துதான் கால் போயிருக்கு சார், அக்ரிமெண்டைப் பாருங்க" என்றார்கள். பார்த்தார். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது: கணக்கிலிருந்து போகும் எல்லா அழைப்புக்கும் வாடிக்கையாளரே பொறுப்பு.

ஒருவருக்கு மட்டும் வந்த கெட்ட நேரம் என்று நினைக்காதீர்கள். 2014 மார்ச்சில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், நார்கிராஸ் என்ற ஊரில், ஏழு பேர் வேலை செய்யும் கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு இதே கதிதான். ஒரே வார இறுதியில் 166,000 டாலர். காம்பியா, சோமாலியா, மாலத்தீவு எண்களுக்கு அவர்கள் போனிலிருந்து அழைப்புகள் போயிருந்தன. வழக்கம்போல் பேசியிருந்தால் அந்தத் தொகை சேர 34 வருஷம் ஆகியிருக்குமாம்.

யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நிமிஷத்துக்கு அதிகக் கட்டணம் வசூலிக்கும் எண்களைத் திருடர்கள் தூர நாடுகளில் முன்கூட்டியே வாடகைக்கு எடுத்து வைத்திருப்பார்கள். அந்த எண்ணுக்கு வரும் ஒவ்வொரு நிமிஷத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. இன்னொரு பக்கம், அவர்கள் எழுதிய புரோகிராம்கள் ராப்பகலாக இணையத்தைத் துழாவி, எங்கே ஒரு போன் சிஸ்டம் கண்ணில் பட்டாலும் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். எக்ஸ்டென்ஷன் 101, கடவுச்சொல்லும் 101 என்று வைத்திருந்தீர்களானால் போச்சு. கிரில் கதவைப் பூட்டிவிட்டு சாவியை அதிலேயே தொங்கவிட்ட மாதிரிதான். வாய்ஸ்மெயிலுக்கு 1234 வைத்திருந்தாலும் ஆபத்துதான். சில சிஸ்டங்களில் அதற்குள் புகுந்தே உங்கள் அழைப்பை வெளிநாட்டுக்கு ஃபார்வர்ட் செய்துவிடுவார்கள்.

முக்கியமான ஆபத்து இனிமேல்தான். பழைய செம்புக் கம்பி லைனில் ஒரு நேரத்தில் ஒரு அழைப்புதான் போகும். திருடன் வந்தாலும் ஒரு வாய்தான் பேச முடியும். கிளவுட் போனில் வரம்பு வைக்காவிட்டால் ஒரே நேரத்தில் பத்து, இருபது அழைப்புகள் கிளம்பும். நீங்கள் தூங்கி எழுவதற்குள் கதை முடிந்துவிடும். திருடர்கள் காத்திருப்பதும் விடுமுறைக்குத்தான். தைப்பூசத்தன்று பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர்கள் பாதிப் பேர் பத்துமலையில் இருப்பார்கள். சீனப் புத்தாண்டிலும் நோன்புப் பெருநாளிலும் கிள்ளான் பள்ளத்தாக்கே காலியாகிவிடும். யார் பில்லைப் பார்க்கப் போகிறார்கள்?

பணம் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. உங்கள் கணக்குக்குள் புகுந்தவன் உங்கள் எண்ணிலிருந்தே ஊராரை அழைக்கலாம். "போலீஸ் பேசுகிறோம், கோர்ட்டிலிருந்து பேசுகிறோம்" என்று மிரட்டும் மக்காவ் மோசடிக்காரன் கையில் உங்கள் கடை எண் கிடைத்தால்? எதிர்முனையில் யாரோ ஒரு பாட்டியின் சேமிப்பு போகும். விசாரணை உங்கள் கதவைத் தட்டும்.

இந்த அறிகுறிகளைக் கண்டால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். யாரும் இல்லாத நேரத்தில் மேசைப் போன் தானாக மணி அடிக்கிறது, எடுத்தால் மௌனம். 100, 1000 என்ற எண்ணிலிருந்து அழைப்பு வந்ததாகத் திரை காட்டுகிறது. வெளியே அழைக்கப் போனால் லைன் பிசி. அழைப்புப் பட்டியலில் 00-க்குப் பிறகு 252, 220, 960 மாதிரி உங்களுக்குச் சம்பந்தமில்லாத நாட்டு எண்கள். "ஏன் எனக்கு மிஸ்டு கால் கொடுத்தீர்கள்?" என்று முகம் தெரியாதவர்கள் கேட்கிறார்கள். இதில் ஒன்று இருந்தாலும் போதும், "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள்!

போன் மென்பொருளுக்கு அப்டேட் வந்தால் போட வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. 2023 மார்ச்சில், உலகமெங்கும் ஆறு லட்சம் நிறுவனங்கள் பயன்படுத்துவதாகச் சொல்லப்பட்ட 3சிஎக்ஸ் என்ற போன் மென்பொருளின் அதிகாரபூர்வ அப்டேட்டிலேயே விஷம் கலந்திருந்தது. அதனால்தான், சிஸ்டத்தில் கோளாறு என்றால் உங்களுக்குத் தகவல் சொல்லப் பொறுப்பான ஆள் யார் என்று முதலிலேயே கேட்டு வைக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று. கரண்ட் போனாலும் இணையம் போனாலும் மேசைப் போன் செத்துவிடும். ஆப்பிலிருந்து 999 அழைத்தால் நீங்கள் இருக்கும் இடம் சரியாகத் தெரியாமல் போகலாம். வயசானவர்கள் வந்து போகும் கிளினிக் வைத்திருப்பவர்கள் சாதாரணக் கைப்பேசி ஒன்றைச் சார்ஜ் போட்டுக் கவுண்டரிலேயே வைத்திருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒரு போன் கால்தான். சேவை தருபவரை அழைத்து, வெளிநாட்டு அழைப்பை முழுவதும் பூட்டச் சொல்லுங்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பேச வேண்டுமா? அந்த நாடுகளை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு இவ்வளவு வெள்ளிக்கு மேல் போனால் லைன் தானாக நிற்க வேண்டும், ஒரே நேரத்தில் இத்தனை அழைப்புக்கு மேல் கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள். வேலையை விட்டுப் போன பையனின் எக்ஸ்டென்ஷனை அன்றைக்கே அழியுங்கள். கடவுச்சொல் நீளமாக, ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் வெவ்வேறாக இருக்கட்டும். "வரம்பெல்லாம் வைக்க முடியாது" என்று சொல்கிற கம்பெனியா? அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி, வேறு கம்பெனி தேடுங்கள்.

ஏற்கெனவே புகுந்துவிட்டார்கள் என்று தெரிந்தால், முதலில் வெளி அழைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். அழைப்புப் பட்டியலை அழிக்காமல் எடுத்து வையுங்கள், போலீஸ் புகார் கொடுங்கள். இணையப் பாதுகாப்புப் புகார்களைக் கேட்கும் சைபர்999-இன் எண் 1-300-88-2999. வங்கிப் பணமும் போயிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997-ஐ அழையுங்கள்.