பாட்டைத் தொடுக்கும் கலை: 200 டிஜே மிக்ஸ் ஆல்பங்களின் கதை

மத்தளம் முழங்கினால் மரகதம் பொடிந்துபோகும் என்று உத்தரகோசமங்கையில் ஒரு நம்பிக்கை உண்டு. ராமநாதபுரத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மங்களநாதர் கோயிலில், மரகத நடராஜர் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருப்பதற்கு ஊரார் சொல்லும் காரணம் அதுதான். மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் சந்தனம் களையப்படுகிறது. அன்றிரவு முழுக்கக் கூட்டம் கண்விழித்து வரிசையில் நின்று தரிசிக்கிறது. ஒலி காதோடு நிற்பதில்லை, கல்லையும் உடலையும் தொட்டு அசைக்கும் என்ற அறிவு அந்த நம்பிக்கைக்குள் இருக்கிறது.

அதே அறிவை லண்டனில் ஒரு நடன அரங்கமும் பயன்படுத்திக்கொண்டது. ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்கு எதிரே, பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றில், 1999 அக்டோபரில் திறக்கப்பட்ட 'ஃபேப்ரிக்' அது. அதன் பெரிய அறையில் நடனத் தளத்துக்கு அடியில் அதிர்வுக் கருவிகளைப் பதித்தார்கள். தாழ்ந்த ஒலிகள் ஆடுபவரின் பாதம் வழியாக உடலில் ஏறும். இந்த அரங்கம் 2001 முதல் 2018 வரை, மாதம் ஒன்று என்ற கணக்கில், 200 டிஜே மிக்ஸ் ஆல்பங்களை வெளியிட்டது.

கல்யாண மண்டபத்திலும் ஊர்த் திருவிழாவிலும் டிஜேவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. அடுத்தவர் பாட்டைப் போடுவதில் என்ன கலை? அதை ஆல்பமாக வெளியிட்டு அட்டையில் டிஜேயின் பெயரைப் போடுவது ஏன்?

மிக்ஸ் ஆல்பம் என்றால் என்ன?

கடையில் கிடைக்கும் சாதாரணத் தொகுப்பில் ஒரு பாட்டு முடியும், சிறு மௌனம் வரும், அடுத்தது தொடங்கும். மிக்ஸ் ஆல்பத்தில் அந்த மௌனம் கிடையாது. பலர் இசையமைத்த பதினைந்து, இருபது பாடல்களை ஒரு டிஜே தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, ஒன்றின் முடிவை இன்னொன்றின் தொடக்கத்தோடு இழைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் அறுபடாமல் ஓடும் ஒரே இசையாக்குகிறார்.

இந்தத் தொடுப்பின் இலக்கணம் தமிழருக்குப் புதிதில்லை. திருவாசகத்தில் மாணிக்கவாசகர் உத்தரகோசமங்கை இறைவனை விளித்துப் பாடிய நீத்தல் விண்ணப்பம் 50 பாடல்கள் கொண்டது, முழுவதும் அந்தாதி. ஒரு பாட்டு முடியும் இடத்தைப் பிடித்துக்கொண்டே அடுத்த பாட்டு பிறக்கிறது. தொடர்ந்து ஓதக் கேட்பவருக்கு அது ஐம்பது பாடல்களாகத் தோன்றாது, ஒரே மூச்சில் விடுக்கும் விண்ணப்பமாகவே கேட்கும். மின்னணு இசையில் மிக்ஸ் ஆல்பம் செய்வதும் இதுவே. அந்தாதியில் எல்லாப் பாட்டும் ஒரே புலவர் பாடியவை. டிஜேக்குக் கிடைப்பவையோ ஒருவரையொருவர் அறியாத பலர் செய்த பாடல்கள். அவற்றுக்குள் உறவைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவருடையது. அட்டையில் அவர் பெயர் வருவது அந்தக் கண்டுபிடிப்புக்காக.

எப்படித் தொடுக்கிறார்கள்?

முதல் வேலை, வேகத்தைச் சமப்படுத்துவது. நடனப் பாடலின் வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று பிபிஎம் கணக்கில் சொல்வார்கள். 'ஹவுஸ்' வகைப் பாடல்கள் பெரும்பாலும் 120 முதல் 130 வரை ஓடும். ஒலித்துக்கொண்டிருக்கும் பாட்டு 126, அடுத்து வரவேண்டியது 122 என்றால், வரவேண்டியதன் வேகத்தை 3.3 சதவீதம் ஏற்ற வேண்டும். கூட்டம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே டிஜே ஹெட்போனில் இன்னொன்றைக் கேட்டு, இரண்டின் அடிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை சரிசெய்கிறார். 1960-களின் இறுதியில் நியூயார்க்கின் 'சாங்க்சுவரி' விடுதியில் இசைத்தட்டு சுழற்றிய பிரான்சிஸ் கிராசோ இந்த முறையின் முன்னோடியாக மதிக்கப்படுகிறார். ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த எஸ்.எல்.1200 இசைத்தட்டுச் சுழலியும், வேகத்தை 8 சதவீதம்வரை ஏற்றி இறக்கும் சறுக்குப் பிடியோடு 1979-இல் வந்த அதன் இரண்டாம் வடிவமும் இந்தக் கலையின் கைக்கருவிகளாயின.

வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். இசைத்தட்டில் 6 சதவீதம் வேகம் கூட்டினால் பாட்டு ஏறக்குறைய அரைக்கட்டை உயர்ந்துவிடும். அப்போது இரண்டு பாடல்களின் சுருதி மோதினால் காது உறுத்தும். இன்றைய கணினி நுட்பத்தில் வேகத்தையும் சுருதியையும் தனித்தனியே மாற்றலாம். இசைத்தட்டுக் காலத்தில் எந்தப் பாட்டு எதனோடு சேரும் என்பதைக் காதுதான் தீர்மானித்தது.

இரண்டாவது, இடம் பார்த்து நுழைவது. இவ்வகைப் பாடல்கள் நான்கு நான்கு அடிகளாக நடந்து, பெரும்பாலும் 32 அடிக்கு ஒருமுறை திரும்பும். அங்கே ஒரு கருவி சேரும், அல்லது விலகும். புதிய பாட்டு அந்தத் திருப்பத்தில் நுழைந்தால் இயல்பாக ஒட்டும். பாதி வழியில் நுழைந்தால், வேகம் துல்லியமாகப் பொருந்தியிருந்தாலும், ஆடுபவரின் கால் தடுமாறும்.

மூன்றாவது, தாழ்ந்த ஒலியை மாற்றிக்கொடுப்பது. இரண்டு பாடல்களின் பேஸ் ஒலியும் ஒரே நேரத்தில் முழங்கினால் எதுவும் தெளிவாகக் கேட்காது. ஒன்றின் பேஸைக் குறைத்துக்கொண்டே மற்றொன்றின் பேஸை ஏற்ற வேண்டும். நல்ல டிஜேயின் கையில் இந்த மாற்றம் நிகழ்ந்ததே தெரியாது. தெரியும்போது புதிய பாட்டு நடுவில் வந்து நின்றிருக்கும்.

சிடி கொடுத்த இடம்

நீண்டநேரம் ஓடும் இசைத்தட்டுக்கும் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடச் சொச்சமே இடம். புரட்டும் இடத்தில் தொடுப்பு அறுந்துவிடும். சிடியில் 74 நிமிடம், பின்னாளில் 80 நிமிடம்வரை தடையின்றிப் பதியலாம். அதனால்தான் 1990-களில் மிக்ஸ் ஆல்பத் தொடர்கள் வரிசையாக வந்தன. 1995-இல் ஜெர்மனியிலிருந்து 'டிஜே கிக்ஸ்' தொடங்கியது. 1996-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'குளோபல் அண்டர்கிரவுண்ட்' தன் ஆல்பங்களைப் பெரும்பாலும் நகரங்களின் பெயரில் வெளியிட்டது. முதல் ஆல்பம் டெல் அவிவ், பிறகு ஆஸ்லோ, டோக்கியோ, சிட்னி என்று நீண்டது. அந்த அலையில் சற்றுத் தாமதமாக வந்து, அளவில் பெரிதாக வளர்ந்தது ஃபேப்ரிக்.

மாதம் ஒன்று

2001 நவம்பரில் முதல் ஆல்பம் வந்தது. மிக்ஸ் செய்தவர் அரங்கின் நிலைய டிஜே கிரெய்க் ரிச்சர்ட்ஸ். அடுத்த மாதம் 'ஃபேப்ரிக்லைவ்' என்ற இரண்டாம் வரிசை பிறந்தது. சனிக்கிழமை இரவுகளின் ஹவுஸ், டெக்னோ இசைக்கு ஒரு வரிசை, வெள்ளிக்கிழமைகளின் டிரம் அண்ட் பேஸ், ஹிப்ஹாப் போன்ற கலவைக்கு மற்றொன்று. இரண்டும் மாறி மாறி, எண்ணிட்ட தகரப் பெட்டிகளில், சந்தாதாரர் வீட்டுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்தன.

ஒரே சட்டகத்துக்குள் எத்தனை விதமாகத் தொடுக்கலாம் என்பதற்கு இந்த வரிசையே பாடநூல். பிபிசியின் முதுபெரும் வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் 2002-இல் செய்த ஃபேப்ரிக்லைவ் 7, வேகப் பொருத்தத்தைப் பெரிதாகக் கருதாமல், எதிரெதிரான பாடல்களை அருகருகே வைத்து அவற்றின் உறவைக் காட்டியது. சிலியில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த ரிக்கார்டோ வில்லலோபோஸ் 2007-இல் ஃபேப்ரிக் 36-ஐ அதுவரை வெளிவராத தம் சொந்த இசையாலேயே நிரப்பினார். தாய்வழியில் இந்திய வேர் கொண்ட கீரன் ஹெப்டன், 'ஃபோர் டெட்' என்ற பெயரில் 2011-இல் செய்த ஃபேப்ரிக்லைவ் 59-இல், அரங்கிலேயே பதிவுசெய்த சூழல் ஒலிகளையும் பாடல்களுக்கிடையே சேர்த்தார். கேட்பவர் அந்தக் கூட்டத்துக்குள் நடந்துபோவதுபோல் உணர முடிகிறது.

அங்கே சந்தித்த தமிழ்க் குரல்

இந்த அரங்கத்தின் கதையில் நம் ராமநாதபுரம் கடலோரத்துக்கு நெருக்கமான ஒருவர் இருக்கிறார். லண்டனில் 1975-இல் ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் கழித்து, போரின் காரணமாக மீண்டும் லண்டன் சேர்ந்தவர் மாதங்கி அருட்பிரகாசம். உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ. 2004-இல் அமெரிக்க டிஜே டிப்ளோ ஃபேப்ரிக்கில் அவருடைய பாட்டைப் போட்டுக்கொண்டிருந்த இரவில் அவரும் அங்கே வந்தார். அந்த அறிமுகத்திலிருந்து அதே ஆண்டின் இறுதியில் 'பைரசி ஃபண்ட்ஸ் டெரரிசம்' என்ற மிக்ஸ்டேப் பிறந்தது. எம்.ஐ.ஏ.வின் குரலைப் பிறர் பாடல்களின் மேல் ஏற்றித் தொடுத்த அதற்கு எந்த உரிமமும் வாங்கப்படவில்லை. எனவே முறைப்படி கடைக்கு வரவில்லை, கைமாறிக் கைமாறிப் பரவியது. 2005-இல் முதல் ஆல்பமான 'அருளர்' வருவதற்கு முன்பே அவர் பெயரை இந்த மிக்ஸ்டேப் ஊரெங்கும் கொண்டுசேர்த்தது. டிப்ளோ 2005-இல் ஃபேப்ரிக்லைவ் 24-ஐ உரிமங்களோடு முறையாக வெளியிட்டார். ஒரே கலையின் இரண்டு வழிகளும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

2007-இல் வந்த 'கலா' ஆல்பத்தின் ஒரு பகுதி சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது. நம் கோயில் கொடைகளில் கேட்கும் உறுமியின் ஓசை அதில் முழங்குகிறது. தளபதி படத்தில் இளையராஜா அமைத்த பாடலொன்றின் துண்டும், ஜெயம் படப் பாடலொன்றின் துண்டும் அதில் உள்ளன. திருவிழா மேளத்தில் பிறந்த தாளம் லண்டன், நியூயார்க் நடன அரங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

உரிமை யாரிடம்?

ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. இசையும் வரியும் ஒன்று, அந்த ஒலிப்பதிவு மற்றொன்று. மிக்ஸ் ஆல்பம் வெளியிட வேண்டுமானால் அதிலுள்ள எல்லாப் பாடல்களுக்கும் இரண்டையும் தீர்க்க வேண்டும். இருபது பாடல்களில் ஒருவர் மறுத்தாலும் தொடுப்பு மாறும், அந்த இடத்துக்கு வேறு பாட்டைத் தேட வேண்டும். வில்லலோபோஸ் தம் இசையையே பயன்படுத்தியதில் இந்தத் தடை இல்லை.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், சமயச் சடங்குகளிலும் திருமண ஊர்வலத்திலும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிப்பதற்கு விலக்கு அளிக்கிறது. திருவிழாவில் டிஜே போடுவது ஒரு நிலை, அதே தொடுப்பைப் பதிவுசெய்து விற்பது வேறு நிலை. விற்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது. பாடல் நிறுவனங்களிடமும் உரிமைச் சங்கங்களிடமும் அனுமதி பெற வேண்டும்.

தொடர் ஏன் நின்றது?

ஃபேப்ரிக் அரங்கம் 2016-இல் பெரும் நெருக்கடியைச் சந்தித்தது. போதைப்பொருளால் இரண்டு இளைஞர்கள் உயிரிழந்ததைத் தொடர்ந்து இஸ்லிங்டன் உள்ளாட்சி மன்றம் உரிமத்தை ரத்து செய்தது. கடும் நிபந்தனைகளை ஏற்று 2017 ஜனவரியில் அரங்கம் மீண்டும் திறந்தது. 2018-இல் இரண்டு வரிசைகளும் நூறைத் தொட்டு நிறைவடைந்தன. 2019 முதல் 'ஃபேப்ரிக் பிரசன்ட்ஸ்' என்ற பெயரில் ஆல்பங்கள் வருகின்றன, மாதந்தோறும் தகரப் பெட்டி வரும் காலம் போய்விட்டது.

சிடி விற்பனை சரிந்ததும் இணையத்தில் இலவச மிக்ஸ்கள் குவிந்ததும் இதற்குப் பின்னணி. இணைய இசைச் சேவைகள் பாட்டுக்கு இவ்வளவு என்று பணம் பிரிப்பவை. பாட்டுகளைத் தொடுத்தவருக்கு அந்தக் கணக்கில் பெரும்பாலும் இடமில்லை. மிக்ஸில் உள்ள ஒவ்வொரு பாட்டையும் ஷசாம் நுட்பத்தால் அடையாளம் கண்டு, உரிமையாளருக்கும் டிஜேக்கும் பங்கு கொடுக்கும் முறையை ஆப்பிள் மியூசிக் 2021-இல் அறிவித்தது நல்ல தொடக்கம்.

நாம் செய்ய வேண்டியது

ராமநாதபுரம் கடலோரம் வரிசையின் அருமை தெரிந்த மண். இங்கே மைக் செட் கட்டினால் முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் விநாயகர் பாட்டு எழும். ராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபாவின் குரல் ஏர்வாடி தர்காப் பக்கம் மட்டுமல்ல, கோயில் விழாப் பந்தலிலும் கேட்கும். கடலுக்கு அப்பாலிருந்து தெளிவாக வந்த இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு', ஒரு பாட்டின் எழுத்திலிருந்து இன்னொரு பாட்டை எடுக்கும் பயிற்சியை ஒரு தலைமுறைக்கே கொடுத்தது. எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு, எதன் பிறகு எது என்று அறிந்த மைக் செட்காரர்களும் இன்றைய திருவிழா டிஜேக்களும் செய்யும் வேலை, ஃபேப்ரிக் எண்ணிட்டுப் பாதுகாத்த அதே வேலைதான். அவர்கள் தொடுத்தவை விடிந்ததும் காற்றோடு போய்விடுகின்றன. பெயரும் பாடல் வரிசையும் எங்கும் எழுதப்படுவதில்லை.

தொடங்குவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. விழா முடிந்ததும் டிஜே தம் பாடல் வரிசையைத் தேதி, ஊர், இசையமைப்பாளர் பெயர்களோடு எழுதிவைக்கலாம். விழாக் குழு அதன் ஒலிப்பதிவைப் பாதுகாக்கலாம். தமிழ்ப் பாடல் உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள், சிறிய மிக்ஸ்களுக்கு எளிய ஒற்றை உரிமம் ஒன்றை வகுத்தால் அவற்றில் சிறந்தவை ஆல்பமாகவும் வரும். இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் பாடியவருக்கும் உரியது போய்ச் சேர்ந்து, தொடுத்தவரின் பெயரும் அட்டையில் இடம்பெற வேண்டும். அப்படி ஒரு வரிசையின் முதல் எண் இந்தக் கடலோரத்திலிருந்து வர எல்லாத் தகுதியும் உண்டு.