ஒட்டாமையும் உதிர்தலும்: பனிக்கட்டி கழலும் பூச்சுகள்

முன்னுரை

பனி என்பது தமிழில் பழமையான சொல். ஆயினும் அச்சொல்லால் நாம் பெரும்பாலும் குறிப்பது மார்கழி விடியலில் புல்நுனியில் திரளும் துளியையே. படூர், கேளம்பாக்கம், கோவளம் எனத் தொடரும் நம் கடற்கரைப் பகுதியில் நீர் தானே உறைந்து கல்லாகும் குளிர் வருவதில்லை. இங்கே உறைந்த நீரை நாம் காண்பதெல்லாம் மீன் கூடைகளிலும் குளிர்பதனப் பெட்டிகளிலும்தான். அவ்வாறிருக்க, 'பனிக்கட்டியை எளிதில் உதிர்க்கும் பூச்சு' பற்றி இம்மலரில் எழுதுவானேன் என்ற வினா எழுவது இயல்பே.

அதற்கான விடை நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. கத்திரி வெயில் காலத்திலும் நம் வானில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் நீர் உறையும் குளிரே நிலவுகிறது. விமானங்கள் பறக்கும் பத்துக் கிலோமீட்டர் உயரத்திலோ அது சுழியத்துக்குக் கீழ் நாற்பது, ஐம்பது பாகை வரை இறங்குகிறது. மேலும், இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ கனடாவிலோ வாழ்கின்றனர். அவர்கள் ஏறிச் செல்லும் விமானத்தின் இறக்கையில் பனி ஒட்டுமா, ஒட்டினால் கழலுமா என்பது நமக்கு அயலான செய்தி அன்று.

பனியால் விளைந்த கேடுகள்

1982ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், பனி பொழிந்துகொண்டிருந்த வாசிங்டன் நகரிலிருந்து ஏர் புளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று புறப்பட்டது. அதன் இறக்கைகளில் பனி படிந்திருந்தது. பொறியின் அழுத்தமானி முனையும் பனியால் அடைபட்டுத் தவறான அளவைக் காட்டியது. மேலெழுந்த சில நொடிகளில் அவ்விமானம் பாலம் ஒன்றில் மோதிப் பொட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. விமானத்திலும் பாலத்திலுமாக 78 பேர் மாண்டனர்.

இத்தகைய விபத்துக்கு மலைபோல் பனி குவிய வேண்டியதில்லை. இறக்கையின் முன்விளிம்பிலும் மேற்புறத்திலும் உப்புத்தாளின் சொரசொரப்பை ஒத்த மெல்லிய பனிப்படலம் படிந்தாலே போதும். விமானத்தைத் தூக்கும் விசை 30 விழுக்காடு வரை குறையும். காற்றின் எதிர்ப்பு 40 விழுக்காடு வரை கூடும். இறக்கையின் வேலை அதன் வடிவத்தால் நடைபெறுவது. பனி அவ்வடிவத்தையே மாற்றிவிடுகிறது.

தரையிலும் இத்துன்பம் உண்டு. ஈழத்தமிழரும் இந்தியத் தமிழரும் பெருந்தொகையாக வாழும் டொராண்டோ நகரில், 2013 திசம்பரில் உறைமழை பொழிந்தது. விழுந்த இடத்திலேயே மழைத்துளி உறைந்து, மரக்கிளைகளையும் மின்கம்பிகளையும் கண்ணாடிக் குழல்போல் மூடியது. கிளைகள் முறிந்து கம்பிகள்மீது வீழ்ந்தன. நகரில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. கடுங்குளிரில் பல வீடுகள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன.

பனிக்கட்டி ஏன் ஒட்டுகிறது?

நீர்த்துளி ஒரு பரப்பின்மீது விழும்போது அது இன்னும் நீர்மமே. ஆகவே கண்ணுக்குப் புலப்படாத பள்ளங்களிலும் கீறல்களிலும் அது புகுந்து பரவுகிறது. பின்னர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பெருகுகிறது. பள்ளத்துள் அடித்த ஆப்புப்போல் அது இறுகிவிடுகிறது. அதனோடு, நீர் மூலக்கூறுகளுக்கும் பரப்பின் மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள ஈர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. இவ்விரண்டுமே பனிக்கட்டியின் பிடிப்புக்கு அடிப்படை.

மீன்பிடித் துறைகளுக்குப் பனிக்கட்டி வழங்கும் ஆலைகளில் இவ்வுண்மையை நேரில் காணலாம். கடுங்குளிர் ஊட்டப்பட்ட உப்புநீர்த் தொட்டியில், நன்னீர் நிரப்பிய உலோகப் பெட்டிகளை இறக்கி வைக்கின்றனர். பெட்டிக்குள் நீர் உறைந்து பாளமாகிறது. அப்பெட்டியை வாளா கவிழ்த்தால் பாளம் வெளிவராது. எனவே பெட்டியைச் சாதாரண நீரில் சிறிது நேரம் அமிழ்த்துகின்றனர். உட்சுவரை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் உருகுகிறது. பாளம் முழுவதும் வழுக்கி வெளியே வருகிறது. குச்சி ஐஸ் செய்வோர் அச்சை நீரில் நனைத்து எடுப்பதும் இதே முறைதான்.

இதில் ஒரு பாடம் உண்டு. பனிக்கட்டி முழுவதையும் வெல்ல வேண்டியதில்லை. அது பற்றியிருக்கும் எல்லைப் பரப்பை மட்டும் வென்றால் போதும். பூச்சு அறிவியலின் முயற்சி அனைத்தும் அவ்வெல்லையைப் பற்றியதே.

இதுவரை கையாண்ட வழிகள்

விமானத் துறை நெடுங்காலமாக மூன்று வழிகளைக் கையாள்கிறது. ஒன்று, பொறியிலிருந்து வெப்பக்காற்றை எடுத்து இறக்கையின் முன்விளிம்பைச் சூடாக்குதல். இரண்டு, முன்விளிம்பில் இரப்பர் உறையைப் பொருத்தி, அதனைக் காற்றால் உப்பச் செய்து பனியை உடைத்தல். மூன்று, புறப்படும் முன் கிளைக்கால் கலந்த திரவத்தைப் பீய்ச்சிப் பனியைக் கரைத்தல். இவை பயனுள்ளவை, இன்றும் கைவிடப்படாதவை. எனினும் வெப்பத்துக்கு எரிபொருள் செலவாகிறது. திரவமோ சிறிது நேரமே காக்கிறது. ஓடுதளத்திலிருந்து வழிந்து நீர்நிலையிற் கலந்தால், அது சிதையும்போது நீரிலுள்ள உயிர்வளியைக் குறைக்கிறது. பரப்பே தன்மேல் படிந்த பனியைத் தானே உதிர்த்துவிட்டால் எவ்வளவு நன்று என்னும் எண்ணம் இங்கேதான் பிறந்தது.

தாமரை இலையும் அதன் எல்லையும்

'தாமரை இலைத் தண்ணீர் போல' என்பது நம் வழக்கு. பற்றின்றி வாழ்வதற்கு நாம் காட்டும் உவமை அது. அவ்விலையில் நீர் ஏன் ஒட்டவில்லை என்பதைச் செருமானியத் தாவரவியலாளர் வில்கெல்ம் பார்த்லாட்டும் கிறித்தோப் நைன்ஹூயிசும் 1997இல் விளக்கி எழுதினர். இலையின் மேற்புறம் நுண்ணிய மேடுகளால் ஆனது. அம்மேடுகள்மீது மெழுகு படிந்துள்ளது. நீர்த்துளி அம்மேடுகளின் முகடுகளில் மட்டும் அமர்கிறது. இடைவெளிகளில் காற்று நிற்கிறது. ஆகவே துளி உருண்டோடுகிறது.

இதனைப் போன்ற செயற்கைப் பரப்புகளைச் செய்தால், நீர் ஒட்டாது. நீர் ஒட்டாவிடில் பனியும் ஒட்டாது என அறிஞர் பலர் கருதினர். கருத்து நேரியதாகவே தோன்றுகிறது. ஆயின் சோதனை வேறொன்றைக் காட்டியது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானவர் கிருபா வாரணாசி. அவரும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஈரக்காற்று குளிரும்போது, நீராவி துளியாக மேலிருந்து விழுவதில்லை. மேடுகளின் உச்சி, பக்கம், அடி என எல்லா இடத்திலும் நேரே உறைபனியாகப் படிகிறது. காற்று இருந்த இடைவெளிகளைப் பனி நிரப்பிவிடுகிறது. நீரை விலக்குவதற்காக அமைத்த மேடுபள்ளங்களே பனி பற்றிக்கொள்ளும் கொக்கிகளாக மாறுகின்றன. உறைபனி படிந்தபின் அப்பரப்பிலிருந்து பனிக்கட்டியைப் பெயர்க்க முன்னினும் கூடுதல் விசை வேண்டியிருந்தது.

இங்கே நாம் கருத்தில் நிறுத்த வேண்டிய வேறுபாடு தெளிவாகிறது. நீர் ஒட்டாமை என்பது ஒரு பண்பு. ஒட்டிய பனி எளிதில் உதிர்தல் என்பது மற்றொரு பண்பு. முன்னது இருந்தால் பின்னதும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

வழுக்கும் பரப்புகள்

தாமரைக்குப் பின் அறிஞர் நாடிய மற்றொரு செடி, பூச்சியுண்ணும் குடுவைச் செடி. அதன் இனங்களுள் ஒன்று நம் நாட்டின் மேகாலயாவில் வளர்கிறது. குடுவையின் விளிம்பில் மெல்லிய ஈரப்படலம் நிற்கும். அதில் கால் வைத்த எறும்பு வழுக்கி உள்ளே விழும். இதனைப் பின்பற்றி, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் சோவன்னா ஐசன்பெர்க்கு குழுவினர் 2011இல் புதுவகைப் பரப்பொன்றை அறிவித்தனர். நுண்துளைகள் நிறைந்த பொருளில் மசகு நெய்மத்தை ஊற வைப்பதே அம்முறை. தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதும், அல்வா ஊற்றும் தட்டில் நெய் தடவுவதும் நம் வீடுகளில் உள்ள வழக்கமே. வேறுபாடு யாதெனில், இங்கே நுண்துளைகள் நெய்மத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. பனிக்கட்டி திண்மத்தைத் தொடுவதில்லை; நெய்மத்தின்மேல் மிதப்பதால் எளிதில் நழுவுகிறது. வாரணாசியின் ஆய்வகத்திலிருந்தும் இத்தகைய வழுக்கும் பூச்சுகள் தோன்றின. அவற்றை விற்க 2012இல் தொடங்கிய லிக்விகிளைடு நிறுவனம், தக்காளிச் சாறும் பற்பசையும் புட்டியில் தங்காமல் வழியச் செய்ததால் பெயர் பெற்றது.

இதன் குறை வெளிப்படையானது. ஒவ்வொரு முறை பனி கழலும்போதும் சிறிது நெய்மமும் உடன் போகிறது. நெய் வற்றிய தட்டில் அல்வா ஒட்டுவது போல, நெய்மம் வற்றிய பரப்பில் பனி ஒட்டும்.

மென்மையின் வலிமை

மூன்றாம் வழியை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அனிசு துதேசா, கெவின் கோலோவின் முதலியோர் 2016இல் காட்டினர். மிருதுவான இரப்பர் போன்ற பூச்சே அது. பனிக்கட்டி கடினமானது; இரப்பரோ நெகிழ்வது. காற்றோ அதிர்வோ தாக்கும்போது இரண்டும் ஒரே அளவில் வளைவதில்லை. அதனால் எல்லையில் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றுகின்றன, பிடி தளர்கிறது.

பிடிப்பை அளக்கும் அலகு கிலோபாஸ்கல். நூறு கிலோபாஸ்கல் என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை தரும் விசை. அலுமினியத்தில் பனிக்கட்டியின் பிடிப்பு பல நூறு கிலோபாஸ்கலிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் செல்லும். இதனை இருபதுக்குக் கீழ்க் கொணர்ந்தால் காற்றும் அதிர்வுமே சிறு பனிக்கட்டியை உதிர்த்துவிடும் என்பர். மிச்சிகன் குழுவினர் ஒன்றுக்கும் கீழான அளவை எட்டினர்.

ஆயினும் பெரிய பரப்பில் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. இருபது கிலோபாஸ்கல் பிடிப்புள்ள ஒரு சதுர மீட்டர் பனியை ஒரே நேரத்தில் பெயர்க்க இரண்டு டன் எடைக்கு நிகரான விசை வேண்டும். விமான இறக்கையும் கப்பல் தளமும் எவ்வளவு பெரியவை! இதற்கு விடையாக அதே பல்கலைக்கழகத்தார் 2019இல் வேறொரு கருத்தை முன்வைத்தனர். துணிக்கடையில் நாம் காண்பதை நினைத்தால் அது விளங்கும். கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு நறுக்குகிறார். பிறகு கையால் கிழிக்கிறார். ஒரு முழம் கிழிக்கவும் பத்து முழம் கிழிக்கவும் அவருக்கு வேண்டிய வலிமை ஒன்றே. ஏனெனில் துணி முழுவதும் ஒரே கணத்தில் அறுவதில்லை. கிழிசலின் முனை மட்டுமே நகர்கிறது. அவ்வாறே, எல்லையில் பிளவு ஒன்று தோன்றி எளிதில் ஓடும்படி பூச்சை அமைத்துவிட்டால், பனியின் பரப்பு எவ்வளவு பெருகினும் பெயர்க்கும் விசை ஓர் அளவுக்குமேல் பெருகுவதில்லை. பிடிப்பின் வலிமையைக் குறைப்பதினும், பிளவு ஓடுவதற்கு உள்ள தடையைக் குறைப்பதே பெரும்பரப்புக்கு ஏற்றது என்பது இதனால் விளங்கிற்று.

எஞ்சியிருக்கும் இடர்ப்பாடுகள்

ஆய்வகத்தில் வென்ற பூச்சு வானில் நிலைக்க வேண்டும். மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் மோதும் மழைத்துளியும் மணலும் மென்மையான பூச்சை அரிக்கின்றன. ஞாயிற்றின் புறஊதாக் கதிர் அதனை முதுமையடையச் செய்கிறது. பனி பலமுறை படிந்து கழன்ற பின்னும் அதே இயல்பு நிற்க வேண்டும். நீரை விலக்கும் பூச்சுகள் சிலவற்றில் உள்ள புளோரின் சேர்மங்கள் இயற்கையில் எளிதில் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் தங்குகின்றன. ஆதலால் பூச்சு மட்டுமே போதும் என இன்று எவரும் கூறவில்லை. வெப்பத்தோடு பூச்சும் சேர்ந்தால் வெப்பம் குறைவாகவே செலவாகும் என்பதே இப்போதைய எதிர்பார்ப்பு.

முடிவுரை

1842இல் சென்னைக் கடற்கரையில் ஒரு கட்டடம் எழுந்தது. அமெரிக்க ஏரிகளில் அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கொணர்ந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகப் பிரெடெரிக் டியூடர் கட்டியது அது. இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கினும், 'ஐஸ் ஹவுஸ்' என்னும் பெயர் மக்கள் வாயில் மறையவில்லை. பனிக்கட்டியை உருகாமல் காப்பது எப்படி என்பது அக்காலத்தின் கவலை. அதனைக் கழற்றுவது எப்படி என்பது இக்காலத்தின் ஆய்வு. அவ்வாய்வில் சென்னையில் பயின்ற ஒருவரின் பெயரும் இடம்பெற்றிருப்பது நம் மாணவர்க்கு ஊக்கம் தருவதாகும்.

தமிழ் பயில்வோர்க்கும் இதில் பணி உண்டு. பனி உருவாவதையே தாழ்த்தும் பூச்சைப் 'பனி தடு பூச்சு' எனவும், படிந்த பனியை எளிதில் விடும் பூச்சைப் 'பனி உதிர் பூச்சு' எனவும் வேறுபடுத்தி வழங்கலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், தாமரை இலையை நம்பியவர்கள் சென்ற தடத்திலேயே மாணவரின் சிந்தனையும் செல்லும். சொல் தெளிந்தால் பொருள் தெளியும். பொருள் தெளிந்தால் கேட்க வேண்டிய வினாவும் தெளியும். 'இப்பரப்பில் நீர் ஒட்டுமா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'ஒட்டிய பனி எவ்வளவு விசையில் கழலும்? நூறாவது முறையும் அவ்வாறே கழலுமா?' என்று நம் மாணவர்கள் கேட்கக் கற்றுக்கொள்வார்களாயின், அதுவே அறிவியல் தமிழ் பெறும் பயன்.