அஞ்சுக்கு அஞ்சு சதுரமும் அடங்கல் நோட்டும்

தை மாசம் சேத்தியாத்தோப்பு, புவனகிரி பக்கம் சம்பா அறுவடை நடக்கும்போது சில வயல்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். விளைஞ்ச பயிருக்கு நடுவே நாலு மூலையிலும் குச்சி நட்டு, கயிறு கட்டி, கயிற்றுக்குள்ள இருக்கிற கதிரை மட்டும் தனியா அறுப்பாங்க. அதைத் தனியா அடிச்சு, தூற்றி, எடை போடுவாங்க. சுத்தி நாலஞ்சு பேர். ஒருத்தர் கையில் டேப், ஒருத்தர் கையில் போன். இதுக்குப் பேர் பயிர் அறுவடைப் பரிசோதனை. சதுரத்தோட அளவு 5 மீட்டருக்கு 5 மீட்டர்.

இந்தச் சதுரத்தில் எத்தனை கிலோ நெல் விழுதோ, அது மேல மேல கூட்டப்பட்டு மாவட்ட மகசூலாகி, மாநில மகசூலாகி, கடைசியில் "இந்தியாவின் நெல் உற்பத்தி இவ்வளவு லட்சம் டன்" என்று செய்தியில் வருது. நம்மில் பாதிப் பேர் டேட்டா சயின்ஸ் எலக்டிவ் எடுத்திருக்கோம். டேட்டா எங்கிருந்து வருது என்று யாரும் சொல்லித் தரல. நம்ம ஊர் நெல்லைப் பொறுத்தவரை, அது இந்தக் கயிற்றுக்குள்ளிருந்து வருது.

கணக்கு எளிமையானது. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். சதுரம் 25. அதனால் சதுரத்தில் கிடைச்ச எடையை 400ஆல் பெருக்கினா ஹெக்டேர் மகசூல் (ஈரப்பதத்துக்குக் கொஞ்சம் கழிவு உண்டு, அதை விடுங்க). 10 கிலோ வந்தா 4,000 கிலோ. எடை போடும்போது அரைக் கிலோ தவறினா? ஹெக்டேருக்கு 200 கிலோ தவறு. ஆம்ப்ளிஃபையர் லேப்ல நாம நாய்ஸ் பத்திப் புலம்புவோமே, அதே கதைதான், இங்கே கெயின் 400.

அதனால்தான் எங்கே கயிறு கட்டணும் என்பதை யாரும் தங்கள் விருப்பப்படி முடிவு செய்யக் கூடாது. எந்த சர்வே நம்பர் என்பது ரேண்டம் எண் மூலம் வரும். வயலுக்குள்ள போனதும் தென்மேற்கு மூலையில் நின்னு, நீளத்துக்கு ஒரு ரேண்டம் எண், அகலத்துக்கு ஒரு ரேண்டம் எண். அத்தனை தூரம் நடந்தா வர்ற இடத்தில் முதல் குச்சி. நாலு குச்சியும் நட்ட பிறகு மூலைவிட்டத்தை அளக்கணும். 7.07 மீட்டர் வரலைன்னா அது சதுரம் இல்ல, சாய்சதுரம். பிதாகரஸ் சேத்துல நிக்கிற இடம் இது. ரேண்டம் இல்லாம விட்டா என்ன ஆகும்? மனுஷ இயல்பு, ரோட்டோர வயலுக்குத்தான் போவோம். ரோட்டோர வயல் பெரும்பாலும் நல்லா கவனிக்கப்பட்ட வயல். உள்ளே, வாய்க்கால் கடைசியில், வரப்பு மேல அரை மணி நேரம் நடக்க வேண்டிய வயல் கணக்கிலேயே வராது.

இந்த முறை சும்மா வந்துடல. பிரிட்டிஷ் காலத்தில் மகசூலை அணாக் கணக்கில் சொல்வாங்க. முழு விளைச்சல் 16 அணா என்றால், கிராம அதிகாரி வயலைக் கண்ணால பார்த்து "இந்த வருஷம் 10 அணா" என்று எழுதுவார். அவ்வளவுதான் அளவீடு. 1920களில் பீகார்-ஒரிசாவில் ஜான் ஹப்பேக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, நெல் வயல்களில் ரேண்டமா இடம் தேர்ந்தெடுத்து அறுத்துப் பார்க்கும் முறையை முயற்சி பண்ணினார். பிறகு 1930களின் கடைசியில் வங்காளத்தில் மஹலனோபிஸ் சணல் பயிருக்குப் பெரிய அளவில் சாம்பிள் சர்வே நடத்தினார். 1943 வங்காளப் பஞ்சம், எவ்வளவு விளைஞ்சிருக்கு என்று தெரியாத அரசாங்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை எல்லாருக்கும் காட்டியது.

அதுக்கப்புறம் நடந்த சண்டைதான் எனக்குப் பிடிச்ச பகுதி. மஹலனோபிஸ் சொன்னார்: சின்னச் சின்ன வட்டமா அறுங்க, செலவு குறையும், நிறைய வயலுக்குப் போகலாம். பி.வி. சுகாத்மே சொன்னார்: சின்னதா அறுத்தா மகசூல் எப்பவும் கூடுதலாத்தான் வரும். 1946ல் 'நேச்சர்' இதழிலேயே இதை எழுதினார். ஏன் கூடும்? ஓரத்தில் நிக்கிற பயிர் உள்ளேயா வெளியேயா என்று சந்தேகம் வந்தா, அறுக்கிறவர் கை அதை உள்ளே சேர்த்துடும். நாமே கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கமும் 5 சென்டிமீட்டர் அதிகமா அறுத்துட்டதா வச்சுக்குவோம். 1 மீட்டர் சதுரம் 1.1 ஆகும், பரப்பு 21 சதவீதம் கூடும். 5 மீட்டர் சதுரம் 5.1 ஆகும், கூடுறது 4 சதவீதம்தான். இன்னொண்ணு, எத்தனை ஆயிரம் வயலில் சின்ன வட்டம் போட்டாலும் இந்த 21 சதவீதம் குறையாது, ஏன்னா எல்லாத் தவறும் ஒரே திசையில் போகுது. பயாஸுக்கும் வேரியன்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று வைவாவில் கேட்டா இந்த வயலைச் சொல்லிடுங்க.

நாலு சதுரம், ஒரு கிராமம்

இதெல்லாம் புள்ளிவிவரக்காரங்க பிரச்சினை என்று விட்டுடலாம்தான், பயிர்க் காப்பீடு மட்டும் இல்லாட்டி. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் (2016ல் வந்தது) நெல்லுக்கு இழப்பீடு தனித்தனி வயலைப் பார்த்துத் தர்றதில்ல. தமிழ்நாட்டில் நெல்லுக்கு வருவாய் கிராமம்தான் அலகு. கிராம அளவில் முக்கியப் பயிருக்குக் குறைஞ்சது 4 பரிசோதனை. கடந்த 7 வருஷத்தில் நல்லா விளைஞ்ச 5 வருஷ சராசரியை எடுத்து, அதில் குறிப்பிட்ட சதவீதத்தை உத்தரவாத மகசூல் என்று வைப்பாங்க. இந்த வருஷ சராசரி அதுக்குக் கீழே எவ்வளவு இறங்குதோ, அந்த விகிதத்தில் பணம்.

ஒரு உதாரணம். உத்தரவாத மகசூல் ஹெக்டேருக்கு 4,000 கிலோ என்று வைங்க. நாலு சதுரத்தில் 13, 12, 11, 4 கிலோ வந்தது. கூட்டினா 40, சராசரி 10, ஹெக்டேருக்குச் சரியா 4,000. குறைவு பூஜ்யம். நாலு கிலோ வந்த வயல்காரருக்கும் பூஜ்யம். அவர் பிரீமியம் கட்டியிருக்கார், வயல் தண்ணியில் நின்னு அழுகியிருக்கு, ஆனா சராசரி நல்லா இருக்கு.

எங்க பக்கத்துக்கு இது வெறும் உதாரணம் இல்ல. காவிரிப் பாசனத்தின் கடைமடை இது. ஒரு பக்கம் வீராணம் ஏரி, ஒரு பக்கம் வெள்ளாறு, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு. கார்த்திகை மழையில் ஒரே கிராமத்தில் மேட்டு வயல் தப்பிச்சுக்கும், தாழ்ந்த வயல் பத்து நாள் முழுகிக் கிடக்கும். அந்தத் தாழ்ந்த வயலை மட்டும் தனியாப் பார்க்க முன்பு திட்டத்தில் வழி இருந்தது. 2018ல் நெல்லுக்கு அதை எடுத்துட்டாங்க. நெல் தண்ணியில் நிக்கிற பயிர்தானே என்பது காரணம். நிக்கிறதுக்கும் முழுகுறதுக்கும் வித்தியாசம் தெரியாதவங்க எழுதின வரி அது என்று எனக்குத் தோணும். 2026 காரிஃப் பருவத்திலிருந்து அதைத் திரும்பச் சேர்க்கப் போறதா மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவிச்சிருக்கு.

கரும்பு இந்த விஷயத்தில் கொடுத்து வச்ச பயிர். சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போற ஒவ்வொரு லோடும் எடை மேடையில் ஏறி இறங்குது. யாரும் கயிறு கட்ட வேண்டாம்.

விவசாயி யாரு?

எவ்வளவு விளைஞ்சது என்பது ஒரு கேள்வி. யார் விளைவிச்சாங்க என்பது இன்னொரு கேள்வி, அதைக் கேட்கிறது வேளாண் கணக்கெடுப்பு. 1970-71ல் தொடங்கி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குது, ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உலகம் முழுக்க நடத்தச் சொல்ற கணக்கெடுப்போட பகுதி. முதல் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஒரு பண்ணையின் சராசரி 2.28 ஹெக்டேர். 2015-16ல் 1.08. தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், அதாவது ரெண்டு ஏக்கருக்கும் குறைவு. நாட்டில் 86 சதவீதப் பண்ணைகள் 2 ஹெக்டேருக்குக் கீழே. (படிவத்தில் ஹெக்டேர், பட்டாவில் ஏர்ஸ், ஊர்ல பேசுறது காணியும் மாவும். ஒரு காணி 132 சென்ட், ஒரு மா சுமார் 33 சென்ட். விளைச்சலைக் கேட்டா மூட்டையில் சொல்வாங்க. கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ, வியாபாரி மூட்டை வேற எடை. யூனிட் கன்வர்ஷன்ல மார்க் விட்டவங்களுக்கு இந்த வேலை வேண்டாம்.)

இந்தக் கணக்கெடுப்பின் அழகே அதோட வரையறைதான். நிலம் யார் பேரில் இருக்கு என்று அது கேட்கல, யார் பயிர் வைக்கிறாங்க என்றுதான் கேட்குது. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் தனித்தனி பட்டா இருந்தாலும், ஒரே குடும்பமா ஒண்ணாப் பயிர் வச்சா அது ஒரே பண்ணை. அப்படியே, கோயில் நிலத்தையோ சென்னையில் இருக்கிறவர் நிலத்தையோ குத்தகைக்கு ஓட்டுறவர்தான் அந்தப் பண்ணைக்காரர்.

ஆனா நடைமுறை? தமிழ்நாடு மாதிரி நல்ல நில ஆவணம் இருக்கிற மாநிலங்களில், முதல் கட்டப் பட்டியலை வீடு வீடாப் போய் எடுக்கிறதில்ல. கிராமக் கணக்கிலிருந்து எடுத்து எழுதுறாங்க. அதாவது கேள்வி "யார் பயிர் வைக்கிறாங்க", பதில் வர்ற இடம் பட்டாவும் அடங்கலும். இறந்துபோன தாத்தா பேரில் பட்டா இருந்தா, தாத்தா கணக்கெடுப்பில் இன்னும் நாத்து நட்டுக்கிட்டிருப்பார். அடுத்த கட்டங்களில் கொஞ்சம் கிராமங்களை மட்டும் சாம்பிளா எடுத்து பயிர், பாசனம், உரம் பத்திக் கேட்பாங்க.

தெரியாதவங்களுக்கு: அடங்கல் என்பது கிராம நிர்வாக அலுவலர் பசலி வருஷத்துக்கு எழுதுற பயிர்க் கணக்கு. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி. 2024 ஜூலையில் தொடங்கினது 1434. எந்த சர்வே நம்பரில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று அதில் இருக்கும். விதைப்புச் சான்று கொடுத்துக் காப்பீடு பண்ணணும்னாலும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடணும்னாலும் இந்தக் காகிதம் வேணும். வாய்ப்பேச்சுக் குத்தகையில் பயிர் வைக்கிறவர், நிலக்காரர் கையைப் பிடிச்சுத்தான் அதை வாங்கணும். குத்தகை உரிமையைப் பதிவு பண்ண 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சு. ஆனா பதிவு பண்றேன்னு சொன்னா அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்ற பயம் இருக்கிறவர் எப்படிப் பதிவு பண்ணுவார்? மஹலனோபிஸ் தொடங்கி வச்ச தேசிய மாதிரி ஆய்வு 2019ல் கிராமங்களில் நேரில் போய் வீட்டுக்காரரிடமே கேட்டப்போ, சுமார் 17 சதவீதப் பண்ணைகளில் குத்தகை நிலம் இருந்தது. காகிதம் சொல்லாததை ஆள் சொல்வார், கேட்டா.

அந்த 2019 ஆய்வில் இன்னொரு எண்ணும் எனக்கு முக்கியமாப் படுது. சுமார் 58,000 வீடுகளுக்கு வருஷத்தில் ரெண்டு தடவை போனாங்க, ஏன்னா ஒரு வருஷம் முன்னாடி யூரியா எத்தனை மூட்டை போட்டோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்று முடிவு வந்தது. அதில் பயிரிலிருந்து வர்றது 3,798. கூலி வேலையிலிருந்து 4,063. விவசாயியைவிட அவருக்குள்ள இருக்கிற கூலிக்காரர் அதிகம் சம்பாதிக்கிறார். சரி, அந்த 10,218 கையிலிருந்து போன செலவை மட்டும் கழிச்சு வந்தது. அம்மா களை எடுத்தது, அப்பா ராத்திரி மடை திறந்தது, வீட்டு விதைநெல், இதுக்கெல்லாம் காசு கொடுக்கலையே, அதனால் அதில் கழியல. வீட்டு உழைப்புக்கும் வீட்டுப் பொருளுக்கும் ஒரு விலை போட்டுக் கழிச்சா 8,337. குடும்பப் பண்ணை ஓடுறதே அந்த எழுதப்படாத வேலையில்தான். பெண்கள் பேரில் இருக்கிற பண்ணைகள் 2015-16ல் வெறும் 14 சதவீதம் அளவுக்குத்தான். நடவு நேரத்தில் எங்க ஊர்ப் பக்கம் பஸ்ஸில் போறவங்க ஜன்னல் வழியாப் பார்த்தாலே இந்த எண்ணைச் சந்தேகப்படுவாங்க.

இப்போ எல்லாம் செயலிக்கு மாறுது. 2021-22க்கான வேளாண் கணக்கெடுப்பை 2022 ஜூலையில் தொடங்கினப்போ, முதல் தடவையா போன், டேப்லெட் வழியா டேட்டா எடுக்கிறதா அறிவிச்சாங்க. டிஜிட்டல் பயிர் சர்வேயில் ஆள் அந்த வயலுக்குள்ள நின்னாத்தான் செயலி படம் எடுக்க விடும். 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கினாங்க. பாம்பு, தேள், மழைச் சேறு என்று பெரிய எதிர்ப்பும் வந்தது. நம்ம வயசுப் பசங்க. ஜி.பி.எஸ். வந்ததால் டீக்கடையில் உட்கார்ந்து அடங்கல் எழுதுறது நிக்கும், அது நல்ல விஷயம்தான். ஆனா படத்தில் தெரியறது நெல்லு. அதை யார் நட்டது என்பதை பக்கத்தில் யாராவது கேட்டு எழுதினாத்தான் உண்டு.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறவங்க, வீட்டில் நிலம் இருந்தா மூணு விஷயம் கேட்டுப் பாருங்க. பட்டா யார் பேரில் இருக்கு, இந்த வருஷம் பயிர் வச்சது யார், அடங்கலில் என்ன பயிர் ஏறியிருக்கு. மூணாவதுக்குப் பதில் தெரியலைன்னா அறுவடைக்கு முன்னாடியே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துடுங்க. உங்க நிலத்தை வேற ஒருத்தர் குத்தகைக்கு ஓட்டினா, அவரையும் கூட்டிட்டுப் போங்க.