இடையிடையே தயங்கும் கணிப்பொறி

காலையில் விரைந்து வேலை செய்த கணிப்பொறி பிற்பகலில் தயங்குகிறது. சற்று நேரம் சென்றபின் தானே சீரடைகிறது. பழுது பார்ப்பவர் வரும்போதோ குறை ஏதும் புலப்படுவதில்லை. முற்றிலும் நின்றுவிட்ட இயந்திரத்தைக் காட்டிலும், இவ்வாறு விட்டுவிட்டுத் தயங்கும் இயந்திரத்திலேயே காரணம் காண்பது அரிது. 1950-இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1969-இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அமையப்பெற்ற மைசூர் போன்ற நகரங்களில், ஆராய்ச்சி முடிவுகளும் மொழிச் செல்வங்களும் இன்று கணிப்பொறிகளில் சேமிக்கப்படுகின்றன. ஆதலின் இத்தயக்கத்தைச் சிறு தொல்லை எனக் கருதி விட்டுவிடலாகாது. சில வேளைகளில் அது, சேமித்தவை அனைத்தும் அழியப்போவதன் முன்னறிகுறியாகவும் இருக்கலாம்.

முறைக்காய்ச்சல் கண்டவரிடம், காய்ச்சல் எந்த வேளையில் ஏறுகிறது என்று மருத்துவர் வினவுவார். கணிப்பொறிக்கும் அம்முறையே பொருந்தும். தயக்கம் நேரும் மணி, அறையின் வெப்பநிலை, அப்போது திறந்திருந்த வேலைகள் ஆகிய மூன்றையும் ஒரு வார காலம் குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். விண்டோஸ் கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். பிராசஸர், மெமரி, டிஸ்க் ஆகியவை எத்தனை சதவீதம் வேலையில் ஈடுபட்டுள்ளன என்பதை அது காட்டும். தயக்கம் நிகழும்பொழுதே இதனை நோக்க வேண்டும். நீங்கிய பின் நோக்கிப் பயனில்லை.

நாள்தோறும் ஒரே மணியில் தயக்கம் வருமாயின், குறித்த நேரத்தில் தானே தொடங்கும் வைரஸ் சோதனையோ மென்பொருள் புதுப்பித்தலோ காரணமாதல் கூடும். அதனை உணவு வேளைக்கு மாற்றிவிடின் போதும்.

வெயில் ஏறிய பின்னரே தயக்கம் வருமாயின் வெப்பத்தை ஐயுற வேண்டும். பலவகைப் பிராசஸர்கள் ஏறத்தாழ 100 டிகிரி சென்டிகிரேடை அணுகும்போது, தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. குளிர்ந்ததும் பழைய வேகம் மீளுகிறது. மைசூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் 750 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. ஆகவே விசிறி தள்ளும் காற்று அகற்றும் வெப்பமும் சற்றுக் குறைகிறது. இவ்வேறுபாடு சிறிதே எனினும், ஏப்ரல் மாத வெயிலும் விசிறியில் படிந்த தூசியும் உடன்சேரும்போது எல்லை எளிதில் எட்டப்படுகிறது. மின் இணைப்பை நீக்கிவிட்டுத் தூசியை அகற்றுதல் பரிகாரமாகும்.

பல வேலைகளை ஒருங்கே திறந்தபோது தயக்கம் வருமாயின், மெமரி போதவில்லை என்பது பொருள். இடம் நிறைந்தவுடன் கணிப்பொறி சிலவற்றை டிஸ்க்குக்கு மாற்றி, வேண்டும்போது திரும்பக் கொணர்கிறது. மெமரியிலிருந்து ஒன்றை எடுக்க ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு காலம் போதும். சுழலும் காந்தத் தட்டாலான ஹார்டு டிஸ்க்கிலோ நூறில் ஒரு பங்கு ஆகும். வேறுபாடு லட்சம் மடங்கு! மாற்றுதல் மிகுந்தால், உரிய வேலை நடவாமல் இடமாற்றத்திலேயே காலம் கழியும். இந்நிலையை 1968-இல் ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் டென்னிங், ஒவ்வொரு வேலைக்கும் அவ்வப்போது தேவையான பகுதி முழுவதும் மெமரியில் அடங்கும் அளவுக்கே வேலைகளை ஏற்க வேண்டும் என்று காட்டினார். வேண்டாதவற்றை மூடுதலும், மெமரியைப் பெருக்குதலும் இதற்கு வழிகள்.

பிராசஸரும் மெமரியும் ஓய்ந்திருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதம் காட்டி, குறிப்பிட்ட சில கோப்புகளைத் திறக்கும்போது இயந்திரம் அசையாது நிற்குமாயின், அது அபாய அறிகுறி. பழுதுற்ற பகுதியை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதாலும் இது நேரலாம். ஸ்மார்ட் எனப்படும் டிஸ்க்கின் பதிவேட்டில் பழுதுற்ற பகுதிகளின் எண்ணிக்கை ஏறிவருமாயின் ஐயம் வலுப்பெறும். ஏறாவிடினும் அச்சமில்லை என்று துணிதல் கூடாது. இந்நிலையில் முதற்கடமை, முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் படியெடுத்தலே. சோதனைகளும் செப்பனிடலும் அதன் பின்னரே. நலிந்த டிஸ்க்கை நெடுநேரம் சோதித்தல் அதன் முடிவை விரைவுபடுத்தக்கூடும்.

எப்பரிகாரத்தையும் ஒவ்வொன்றாகவே செய்தல் வேண்டும். நான்கினை ஒரே நாளில் செய்தால், குணப்படுத்தியது எது என்று அறிய இயலாது. ஒருநாள் தயக்கம் வராததும் சான்றாகாது; அதே வெயிலில், அதே வேலைகளுடன் ஒரு வாரம் கழிந்தபின் குறிப்பேட்டைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். இவ்வாறு காரணம் அறிந்தவருக்குப் பல சமயங்களில் புதுக் கணிப்பொறி வாங்கும் செலவும் மிச்சமாகும்.