சிவப்பு விளக்கும் என் சைக்கிளும்

முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். டிப்ளமோ முடித்த கையோடு ஊரை விட்டுக் கிளம்பி, கல்யாண் பக்கம் சிக்னல் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, கடைசியில் புனேயில் ஓய்வு பெற்று, இங்கேயே ஒரு ஃபிளாட் வாங்கி உட்கார்ந்துவிட்டேன். சிவப்பு விளக்கைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பதினேழு வயதுப் பையன் ஒருவன் நடத்திவிட்டான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஓய்வுக்குப் பிறகு சர்க்கரை கூடிவிட்டது. சைக்கிள் ஓட்டுங்கள் என்றார் டாக்டர். புனே ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை விடும் நேரத்தில் சாலை முழுக்கச் சைக்கிளாக இருக்கும் என்று நம் பழைய அன்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று அந்த இடத்தை மோட்டார் சைக்கிளும் காரும் பிடித்துக்கொண்டுவிட்டன. அதனால் நெரிசலுக்கு முன்பே, விடியும் நேரத்தில் கிளம்பிவிடுவேன்.

ஒரு டிசம்பர் மாதக் காலை. ஆறரை மணி இருக்கும். நாற்சந்தியில் இரவெல்லாம் மஞ்சளாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்த சிக்னல் அப்போதுதான் முறையாக வேலை செய்யத் தொடங்கியிருந்தது. எனக்குச் சிவப்பு. இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை. வந்த வேகத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று மிதித்துவிட்டேன். மூலையில் நின்ற டெம்போவின் மறைவிலிருந்து பேப்பர் போடும் பையன் சைக்கிளில் வந்தான். என் மேல் மோதாமல் இருக்க அவன் ஒடித்துத் திருப்ப, சைக்கிளும் பேப்பர் கட்டும் அவனுமாகச் சாலையில் விழுந்தார்கள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன் என்னைத் திட்டவில்லை. "மாஜா ஹிரவா ஹோதா, காகா" என்றான். எனக்குப் பச்சையாகத்தானே இருந்தது, மாமா என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னான். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிப்ரவரியில் அவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மனைவி சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஏங்க, இத்தனை வருஷமா சிக்னல் தாண்டின டிரைவரை எல்லாம் நிக்க வச்சுக் கேள்வி கேட்டீங்களே, இப்போ உங்களை யாரு கேக்கறது?" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்கு ஒரு பழைய டிரைவரை நினைவுபடுத்தியது. சிவப்பைத் தாண்டி அரைப் பெட்டி நீளம் போய் வண்டியை நிறுத்தியவர் அவர். "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, சார்" என்று விசாரணையில் கண் கலங்கினார். சிக்னல் சரியாகத்தான் இயங்கியது என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். தாண்டிய தூரம் எவ்வளவு என்பதல்ல, தாண்டினாரா என்பதே கேள்வி. இத்தனைக்கும் ரயில் பாதையில் மனிதத் தவறுக்கு இடம் கொடுத்துத்தான் அமைத்திருக்கிறோம். வண்ண விளக்கு சிக்னல்களில் சிவப்புக்கு அப்பால் 120 மீட்டர் காலியாக விடுவது பொது வழக்கம். சாலையில் அப்படி ஒரு மீட்டர்கூடக் கிடையாது. கோட்டைத் தாண்டினால் அடுத்தது நடப்பவரின் வரிக்கோடுதான்.

இந்தக் கதையை நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் சொன்னபோது, ஹிஞ்சவாடிக்கு சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் இளைஞர் ஒருவர் மடக்கினார். "அங்கிள், சிக்னல் எல்லாம் காருக்காக வைத்தது. சைக்கிள்காரன் மோதி யார் சாகப் போகிறார்கள்? பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து பஸ் உறுமிக்கொண்டு வரும். அதற்கு முன்னால் போய்விடுவதுதான் எனக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு இடத்திலும் நின்று புறப்பட்டால் காலும் ஒடிகிறது" என்றார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிக்னல் காருக்காக வந்ததல்ல. உலகின் முதல் சாலை சிக்னல் 1868-ல் லண்டனில், பார்லிமெண்ட் கட்டடத்தருகே நடப்பட்டது. அதை வடிவமைத்த ஜே.பி. நைட் என்பவர் நம் இனம்தான், ரயில்வேக்காரர். பகலில் கைகாட்டி, இரவில் சிவப்பும் பச்சையுமாக காஸ் விளக்கு. மறு மாதமே, 1869 ஜனவரியில், காஸ் வெடித்து அதை இயக்கிய போலீஸ்காரர் காயப்பட்டார் என்பது வேறு விஷயம். அப்போது லண்டன் தெருக்களில் ஓடியவை குதிரை வண்டிகள்.

கால் ஒடிகிறதா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால், நின்று மறுபடி அந்த வேகத்தை எட்ட ஏறக்குறைய 780 ஜூல் வேண்டும். நம் உடம்பு தின்பதில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ கலோரிக்குள் அடங்கிவிடும். ஒரு இட்லியைத் தின்றுவிட்டு நாற்பது சிக்னலிலாவது நின்று புறப்படலாம்!

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் சிக்னல் விதி மோட்டார் வண்டி ஓட்டுபவருக்கானது. சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்லை, நம்பர் பிளேட் இல்லை, கேமராவும் ஒன்றும் செய்யாது. ஆனால் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி பொதுச் சாலையில் எந்த வாகனத்தை ஓட்டினாலும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. "எந்த வாகனமும்" என்றால் சைக்கிளும்தான்.

வெளிநாட்டில் சைக்கிளுக்குச் சலுகை உண்டே என்றார் இளைஞர். உண்டு. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம் 1982-லேயே இதற்குத் தனிச் சட்டம் செய்தது. இன்று அங்கே சிவப்பில் சைக்கிள் நின்று, பார்த்து, வழி காலியாக இருந்தால் போகலாம். பாரிஸில் சில சிக்னல் கம்பங்களில் சைக்கிள் படம் போட்ட சிறிய முக்கோணப் பலகை இருக்கும். அது இருக்கும் இடத்தில், மற்றவருக்கு வழிவிட்டு, சிவப்பிலும் வலப்புறம் திரும்பலாம்.

ரயில்வேயிலும் இப்படி ஒன்று உண்டு. மும்பை புறநகர்ப் பாதையில் பயணம் செய்தவர்கள் பார்த்திருக்கலாம். தானியங்கி சிக்னல் கம்பத்தில் வெள்ளை வட்டத்தில் கறுப்பாக 'ஏ' என்ற எழுத்து இருக்கும். அந்தச் சிக்னல் சிவப்பாக இருந்தால் டிரைவர் வண்டியை நிறுத்தி, பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்து, மிக மெதுவாக அடுத்த சிக்னல் வரை போகலாம். 'ஏ' இல்லாத கம்பத்தில் சிவப்பு என்றால், பொதுவாக உரிய அனுமதி வராமல் ஓர் அடி நகரக்கூடாது. கம்பத்தில் எழுத்து இருப்பதால் அந்தச் சலுகை எல்லோருக்கும் தெரியும். பின்னால் வருபவனுக்கும் தெரியும், ஸ்டேஷன் மாஸ்டருக்கும் தெரியும். எந்த டிரைவரும் தன் பாக்கெட்டிலிருந்து ஒரு 'ஏ' பலகையை எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது.

அந்த டிசம்பர் காலையில் நான் செய்தது அதைத்தான்.

யாரும் இல்லை என்பது என் கண்ணுக்குத் தெரிந்த செய்தி. சிவப்பு சொல்வது வேறு. உனக்குச் சிவப்பு என்றால் வேறு ஒருவனுக்கு இந்த நொடி பச்சை கொடுத்திருக்கிறேன், அவன் என்னை நம்பி வருகிறான் என்பதே அது சொல்லும் செய்தி. எதிரெதிரான இரண்டு வழிக்கு ஒரே நேரத்தில் பச்சை விழாதபடி பூட்டுவதுதான் என் ஆயுள் முழுக்க நான் செய்த வேலை. அந்தப் பூட்டை நானே உடைத்தேன்.

அதனால் சைக்கிளும் நிற்க வேண்டும் என்பதே என் முடிவு. சலுகை வேண்டுமா, நகராட்சியிடம் கேட்போம். கார்களுக்கு முன்னால் சைக்கிள் நிற்க இடம், சில நொடி முந்திய பச்சை, சந்திப்பில் திரும்பத் தனி அடையாளம், எதைக் கேட்டாலும் நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை, பின்னால் வரும் பஸ்ஸுக்குப் பயமாக இருந்தால் இறங்கி ஓரமாக நின்று, நடப்பவர்களுக்குப் பச்சை விழும்போது அவர்களோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கலாம். நானும் சில இடங்களில் அப்படித்தான் செய்கிறேன். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பையனின் வைத்தியச் செலவைக் கொடுத்தேன். ஆறு வாரமும் அவன் பேப்பர்களை நானே வீடு வீடாகப் போட்டேன், அவன் சம்பளம் நிற்கக்கூடாது என்று. பரீட்சையில் அவன் தேறிவிட்டான். ஆனால் கை வேகம் திரும்பாததால் கணக்குத் தாளில் கடைசி இரண்டு கணக்குகளை எழுதாமலே வந்தான். விடை தெரிந்த கணக்குகள். அதற்கு நான் கொடுக்கக்கூடியது எதுவும் இல்லை.

இப்போதும் அதே சந்திப்பில் ஆறரை மணிக்கு நிற்கிறேன். நாய் மட்டும்தான் இருக்கும். பின்னால் யாராவது ஹாரன் அடிப்பார்கள். காலை ஊன்றிக்கொண்டு நிற்பேன். சில நாள் அவன் குறுக்கே போவான், திரும்பிக்கூடப் பார்க்காமல். அவனுக்குப் பச்சை.